என் பயத்தைத் தமிழில் கேட்க ஒருவர் வேண்டும்: கொழும்பில் மனநலக் கிளினிக்குகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக்குகளையும் அவசர சிகிச்சைப் பிரிவுகளையும் திட்டமிடுகிற, நடத்துகிற எல்லாருக்கும்,

வணக்கம். நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் 16 வருடமாகக் கணக்கெழுதுகிறேன். 2022இலிருந்து கடுமையான பதகளிப்பு (anxiety) நோய்க்குக் கிளினிக் வந்து மருந்து எடுக்கிறேன். இன்றைக்கு வேலைக்குப் போகிறேன், பஸ்ஸில் ஏறுகிறேன், இரவில் தூங்குகிறேன். அதற்கு இந்த நாட்டின் இலவச மருத்துவமும் ஒரு காரணம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரை மட்டும் போடவில்லை. மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதற்காக அங்கொடை என்ற ஊரின் பெயரையே வசவாகப் பாவிக்கிற நகரம் இது, முதலாளிக்குத் தெரிந்தால் கணக்குப் புத்தகத்தைத் தொடர்ந்து என் கையில் தருவாரா என்ற யோசனை எனக்கு இன்னும் இருக்கிறது.

சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். பதகளிப்புக்கு மருந்து உண்டு, கதைத்துச் செய்கிற சிகிச்சை உண்டு, ஒரே நோய் உள்ளவர்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிப்பதும் உண்டு. இந்த மூன்றும் சேர்ந்துதான் என்னை எழுப்பி நிறுத்தியது. மூன்றுமே நோயாளிக்கு விளங்குகிற மொழியில் நடந்தால்தான் வேலை செய்யும். கொழும்பில் தமிழ் பேசுகிற ஒருவருக்கு அது கிடைப்பது யாரைச் சந்திக்கிறார், எந்த நாளில் வருகிறார் என்பதைப் பொறுத்ததாக இருக்கிறது. எனக்குக் கிடைக்க 14 மாதம் எடுத்தது.

2021 நவம்பரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போக புறக்கோட்டையில் 101 பஸ் ஏறினேன். காலிமுகத்திடல் தாண்டும்போது நெஞ்சு திடீரென்று அடிக்கத் தொடங்கியது. விரல் நுனிகள் மரத்துப்போயின, காது அடைத்தது, முன் சீட்டில் இருந்த பிள்ளையின் இரட்டைப் பின்னல் எட்டாத தூரத்துக்குப் போய்க்கொண்டிருப்பதுபோல் தெரிந்தது. செத்துப்போவேன் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஒரு சந்தேகமாகவே வரவில்லை, நிச்சயமாகத் தெரிந்தது. கொள்ளுப்பிட்டியில் இறங்கி, பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் இருந்தேன். 20 நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. சாரியின் முதுகுப்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. தங்கச்சி வீட்டுக்குப் போகவில்லை, அப்படியே ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த 3 மாதத்தில் நாலு தரம் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். நாலு தரமும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஒரு தரம் தைரொயிட்டுக்கும் இரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. அவர்கள் செய்தது பிழை என்று சொல்ல வரவில்லை, இதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் நாலு தரமும் ஒரே வசனத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்: “மொகுத் நெஹெ”, ஒன்றும் இல்லை. ஆறுதலுக்குத்தான் சொல்கிறார்கள் என்று விளங்குகிறது. ஆனால் செத்துப் பிழைத்த மாதிரி வந்து படுத்திருக்கிற ஒருத்திக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? வேறு ஆஸ்பத்திரி தேடுவாள், கோயிலில் நூல் கட்டுவாள், யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று மாமி சொல்வதை நம்பத் தொடங்குவாள். நான் மூன்றையும் செய்தேன். ‘இதயத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் உங்களுக்கு வந்தது உண்மையான நோய், அதற்குப் பெயர் இருக்கிறது, இந்தத் துண்டைக் கொண்டு செவ்வாய்க்கிழமை அந்த அறைக்குப் போங்கள்’ என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு அந்த 3 மாதமும் மிஞ்சியிருக்கும்.

இதில் என் மொழிக்கும் பங்கு இருக்கிறது. எனக்குச் சிங்களம் தெரியும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு யார் துணி என்ன விலை, சாயம் போகுமா, இந்த நிறத்தில் இன்னும் வருமா, பாக்கிக் காசு எப்போது தருவீர்கள் என்று நாள் முழுக்கச் சிங்களத்தில் கதைக்கிறவள் நான். ஆனால் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னால் சொல்ல முடிந்தது “பப்புவ ரிதெனவா” என்பது மட்டும்தான், நெஞ்சு நோகிறது. உண்மையில் நெஞ்சு நோகவே இல்லை. அந்தரமாக இருந்தது. ஈரக்குலை நடுங்கியது. உயிர் தொண்டையில் வந்து நின்றது. அந்தரம் என்ற சொல்லுக்குச் சிங்களத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த சொல் நெஞ்சு நோவு, அதனால் நெஞ்சு நோவுக்குரிய வைத்தியம் எனக்குக் கிடைத்தது. டொக்டர் தனக்குக் கிடைத்த கேள்விக்குச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார், பிழையான கேள்வியை அவருக்குக் கொடுத்தது என்னிடமிருந்த சொற்பஞ்சம்.

மனநலக் கிளினிக்குக்கு ஒருவழியாக வந்தபோது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் சிங்களம் நன்றாக வரும். அப்போது அவனுக்கு வயது 11. டொக்டர் நல்லவர், பொறுமையானவர், கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். தூக்கம், சாப்பாடு, வேலை, கணவர் எப்படி என்று போய், வழமையாகக் கேட்க வேண்டிய அந்தக் கேள்வியும் வந்தது: வாழ விருப்பமில்லாமல் எப்போதாவது இருந்திருக்கிறதா? அதைக் கேட்டுவிட்டு டொக்டர் என்னைப் பார்த்தார், நான் மகனைப் பார்த்தேன். அவன் உடனே மொழிபெயர்க்கவில்லை. பாட்டா செருப்பின் வாரைக் குனிந்து சரிசெய்தான். பிறகு நிமிராமலே, “அம்மா, நீங்க சாகணும்னு நினைச்சிருக்கீங்களான்னு கேக்கிறார்” என்றான்.

இல்லை என்றேன். என் பிள்ளையின் வாயால் கேட்ட கேள்விக்கு நான் வேறு என்ன பதில் சொல்வேன்? என் கிளினிக் கொப்பியில் இல்லை என்றே எழுதப்பட்டிருக்கும். அது பொய். சாக வேண்டும் என்று திட்டம் போட்டவளில்லை, ஆனால் நாளைக் காலை விடியாமலே இருந்தால் நல்லது என்று எத்தனையோ இரவு படுத்திருக்கிறேன். அந்தப் பதில் டொக்டருக்குத் தேவைப்பட்டிருக்கும். மொழிபெயர்ப்பாளர் இல்லாத கிளினிக்கில் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். வரிசையில் நிற்கும்போது பாருங்கள், பள்ளிக்கூடச் சீருடையோடு தாய்க்கும் அப்பம்மாவுக்கும் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதகளிப்புக்குக் கொடுக்கிற செர்ட்ரலின் என்ற மாத்திரையை 25 மில்லிகிராமில் தொடங்கினார்கள். மாத்திரைக்கு மொழி வேண்டாம், விழுங்கினால் அது தன் வேலையைப் பார்க்கும் என்று நினைத்திருந்தேன். முதல் ஐந்து நாளில் வயிற்றைப் பிரட்டியது, கை நடுக்கம் கூடியது, இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒரு தவிப்பு. மருந்து எனக்கு ஒத்துவரவில்லை என்று நானே முடிவெடுத்து நிறுத்திவிட்டேன். இந்த வகை மருந்து தொடங்கிய புதிதில் பதகளிப்பைக் கொஞ்சம் கூட்டக்கூடும், பலன் தெரிய 2 கிழமையிலிருந்து 6 கிழமை வரை எடுக்கும், அதுவரைக்கும் பிடித்து நிற்க வேண்டும், தாங்க முடியாவிட்டால் நிறுத்தாமல் டொக்டரிடம் வர வேண்டும். இவ்வளவுதான் விஷயம். யாரோ சொல்லியும் இருப்பார்கள், என் காதில் விழுந்திருக்கும், விளங்கியிருக்காது. அந்தச் சிறிய காகித உறையில் எத்தனை மாத்திரை, எந்த நேரம் என்று மட்டும் இருந்தது.

செர்ட்ரலினை நிறுத்திய அந்த இடைவெளியில்தான் டயஸிபாம் என்ற அமைதிப்படுத்துகிற மாத்திரை வந்தது. பக்கத்து வீட்டு அக்கா தன் பங்கில் கொஞ்சம் தந்தார். அரை மணித்தியாலத்தில் எல்லாம் அமைதியாகிவிடும், அதுதான் அதன் ஆபத்து. சில கிழமைகளுக்கு மேல் எடுக்கக்கூடாத மாத்திரையை நான் நாலு மாதம் எடுத்தேன், ஒன்று போதாமல் ஒன்றரை ஆனது. அதைக் குறைத்து விட முதல் நோயைவிட அதிகம் கஷ்டப்பட்டேன். அடுத்தவரின் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் இப்போது சொல்கிறேன். அந்த அக்கா என் மேல் உள்ள அன்பில்தான் தந்தார். தகவல் இல்லாத இடத்தில் அன்பும் இப்படித்தான் வேலை செய்யும்.

இரண்டாவது தரம் செர்ட்ரலினைத் தொடங்கி, 50க்கு வந்து கொஞ்சம் மூச்சு விட்ட நேரம் 2022இன் பொருளாதார நெருக்கடி, மருந்துத் தட்டுப்பாடு. அந்த வருடம் எங்கும் எதுவும் இல்லை, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மருதானையிலிருந்து பொரளை வரை ஃபார்மசி ஃபார்மசியாக ஏறி இறங்கினேன். இருந்த மாத்திரைகளை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தேன், பிறகு அதுவும் முடிந்தது. தலையைத் திருப்பும்போதெல்லாம் மண்டைக்குள் சின்னதாகக் கரன்ட் அடிக்கிற மாதிரி இருந்தது, பைத்தியம் பிடிக்கிறது என்றே முடிவு கட்டினேன். இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் அப்படித்தான் இருக்கும், படிப்படியாகக் குறைத்துத்தான் விட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. இன்னொரு தட்டுப்பாடு வந்தால் இதய மருந்தையும் சீனி வருத்த மருந்தையும் போல இதையும் விட முடியாத மருந்தாகக் கணக்கெடுங்கள், கையிருப்பு குறையும்போதே நோயாளிக்குச் சொல்லிவிடுங்கள்.

சரி, இனி நல்ல பகுதிக்கு வருகிறேன். 2023 தொடக்கத்தில் எங்கள் கிளினிக்குக்குத் தமிழ் பேசுகிற உளவளத்துணையாளர் ஒருவர் மாற்றலாகி வந்தார், கிழக்கு மாகாணத்துப் பிள்ளை, என்னைவிடப் பத்து வயது குறைவு. மிஸ் என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாள் அவர் என்னிடம் நோயின் பெயரைக் கேட்கவில்லை, “அது வரும்போது எப்படி இருக்கும், உங்கட வாயாலேயே சொல்லுங்கோ” என்றார். நான் அந்தரம் என்றேன். அவர் தலையாட்டினார். அவ்வளவுதான் நடந்தது, நான் அரை மணித்தியாலம் அழுதேன். பதகளிப்பு என்ற சொல்லை அவர்தான் சொன்னார். அம்மா பேச்சுவாக்கில் பாவிக்கிற சொல் அது, ‘ஏன் இப்படிப் பதகளிக்கிறாய்’ என்பார். என் நோய்க்கு என் வீட்டுச் சொல்லே பெயராக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மிஸ் செய்தது வெறும் ஆறுதல் வார்த்தை என்று நினைத்துவிடாதீர்கள். அது முறையான வேலை. நெஞ்சு வேகமாக அடிப்பது ஆபத்தில்லை, அதைக் கண்டு ‘இதோ மாரடைப்பு’ என்று மூளை முடிவெடுப்பதுதான் பயத்தை மேலும் மேலும் ஊதிப் பெருக்குகிறது என்று ஒரு கொப்பியில் வட்டம் போட்டுக் காட்டினார். பிறகு என்னை அறைக்கு வெளியே கூட்டிப்போய், மாடிப்படியில் இரண்டு தரம் வேகமாக ஏறி இறங்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். படி ஏறுவதை நிறுத்தி அப்போது ஒரு வருடம், நெஞ்சு அடிக்கும் என்ற பயத்தில் கடையில்கூட மேல்தட்டுக்குப் போகமாட்டேன். மிஸ் என்னோடு சேர்ந்து ஏறினார். மேலே வந்து இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது என் கையை எடுத்து என் மணிக்கட்டில் வைத்து, “எண்ணுங்கோ” என்றார். 130க்கு மேல். பிறகு அவருடைய மணிக்கட்டைத் தந்தார், அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவு. “பஸ்ஸில அடிச்சதும் இதே நெஞ்சுதான் அக்கா” என்றார். கீழே யாரோ தள்ளுவண்டி உருட்டிக்கொண்டு போனார்கள், அந்தச் சத்தம் போய் மறைவதற்குள் என் நெஞ்சு தானாகவே இறங்கத் தொடங்கிவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, முருகா என்றுகூடச் சொல்லவில்லை. தானாக இறங்கும் என்பதை என் கை எண்ணிப் பார்த்தது.

அதற்குப் பிறகு பஸ். முதல் கிழமை புறக்கோட்டையிலிருந்து கோட்டை வரை மட்டும். அடுத்து காலிமுகத்திடல் வரை, அங்கே இறங்கிக் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்புவது. கொள்ளுப்பிட்டி எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது, அந்தக் கடைப்படியைத் தாண்ட ஆறு தரம் போக வேண்டியிருந்தது. பம்பலப்பிட்டி ஒரே தரத்தில் முடிந்தது. ஒவ்வொரு தரமும் ஏறுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன் என்று எழுத வேண்டும், இறங்கிய பிறகு உண்மையில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். 2023 ஓகஸ்டில் வெள்ளவத்தையில் இறங்கித் தங்கச்சி வீட்டுப் படலையைத் தட்டினேன். அவள் திறந்து, தனியாகவா வந்தாய் என்று கேட்டுவிட்டுப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை, பிளேன்டீ ஊற்ற உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மாதம் மிஸ்ஸுக்கு மாற்றம் வந்தது. அவருடைய இடத்துக்குத் தமிழ் தெரிந்த வேறு யாரும் வரவில்லை. என் சிகிச்சை ஓரளவு முடிந்திருந்தது, நான் தப்பினேன். எனக்குப் பின்னால் வரிசையில் இருந்தவர்கள்?

அவர்களில் சிலரோடுதான் எங்கள் குழு தொடங்கியது. கிளினிக் வாங்கில் காலை ஆறரையிலிருந்து ஒன்றாக இருக்கிறவர்கள்தானே, முகம் பழகிவிடும். இப்போது ஏழு பேர். மாளிகாவத்தையிலிருந்து வருகிற ஒரு உம்மா, களனிப் பாலத்தைத் தாண்ட முடியாமல் வத்தளை வேலைகளை எல்லாம் விட்டுக்கொடுத்த ஒரு பிளம்பர், மலையகத்திலிருந்து வந்து போடிங்கில் தங்கிப் படிக்கிற பிள்ளை ஒருத்தி, இப்படி. வெள்ளவத்தையில் ஒரு மொண்டிசோரி வகுப்பறையை ஞாயிறு பின்னேரம் இரவலாகத் தருகிறார்கள். சின்னப் பிள்ளைகளின் சிவப்பு, மஞ்சள் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்துகொண்டு கதைப்போம். அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, யாரும் யாருக்கும் மருந்தின் அளவு சொல்லக்கூடாது, மாத்திரை பரிமாறக்கூடாது, ‘தைரியமாக இரு’ என்ற வார்த்தையைப் பாவிக்கக்கூடாது. பிளம்பர் அண்ணனோடு நாங்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை களனிப் பாலத்தை நடந்து தாண்டினோம். நடுப்பாலத்தில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார், நாங்களும் நின்றோம். பத்து நிமிடத்தில் அவராகவே நடக்கத் தொடங்கினார்.

நாங்கள் வைத்தியர்கள் ஆகிவிட முடியாது, அது எங்களுக்குத் தெரியும். ஒரு இரவு எங்களில் ஒருவர் வாழப் பிடிக்கவில்லை என்று போன் எடுத்தபோது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண்ணான 1926ஐ அழைத்தோம், விடிந்ததும் இரண்டு பேர் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனம் உடைந்தவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிற, 1974இலிருந்து இயங்குகிற சுமித்ரயோ போன்ற இடங்களின் விவரமும் எங்கள் எல்லாரிடமும் இருக்கிறது. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்பதாலேயே அதை நிறுத்திவிட்ட ஒருவரைத் திரும்ப டொக்டரிடம் கூட்டிப்போனதும் இந்தக் குழுதான். குணமான பிறகும் பல மாதம் தொடர வேண்டும் என்று டொக்டர் அவருக்குச் சொல்லித்தான் இருந்தார். ஆனால் அதை உம்மா தன் பாஷையில் சொன்னபோதுதான் அவர் கேட்டார்.

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கிற இடத்திலும் ஒருவர் அரசாங்கத்தோடு தமிழில் அலுவல் பார்க்கலாம் என்பதை அடுத்த வருடம் 16ஆவது திருத்தம் உறுதிசெய்தது. பிறப்புச் சான்றிதழுக்கும் காணி உறுதிக்கும் இருக்கிற அந்த உரிமை, நாளைக் காலை விடியாமல் இருந்தால் நல்லது என்று சொல்வதற்கும் இருக்க வேண்டும் அல்லவா?

அதனால் கேட்கிறேன். கொழும்பில் ஒவ்வொரு பெரிய மனநலக் கிளினிக்கிலும் கிழமையில் ஒரு நாளாவது தமிழில் உளவளத்துணை கிடைக்க வேண்டும், அந்த நாள் சுவரில் எழுதியிருக்க வேண்டும், ஒருவருக்கு மாற்றம் வந்தால் அவர் போவதற்கு முன்னால் அடுத்தவர் வந்திருக்க வேண்டும். அது முடியாத நாட்களில், இரகசியம் காக்கப் பயிற்றப்பட்ட மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தொலைபேசியிலாவது இருக்கட்டும், பிள்ளைகளை அந்த அறைக்குள் எடுக்காதீர்கள். மருந்து தொடங்குகிற ஒவ்வொருவருக்கும் முதல் 6 கிழமையில் என்ன நடக்கும் என்று ஒரு பக்கத்தில், வாசித்தால் விளங்குகிற தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். வேண்டுமானால் நாங்கள் ஏழு பேரும் உட்கார்ந்து எழுதித் தருகிறோம், டொக்டர்மார் திருத்தட்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் ஈ.சி.ஜி. சரியாக வந்த பிறகும் நடுங்கிக்கொண்டிருக்கிறவரின் கையில் கிளினிக்குக்கு ஒரு துண்டு கொடுத்தனுப்புங்கள். கிளினிக் முடிந்து பூட்டிக்கிடக்கிற ஒரு அறையைக் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் எங்களைப் போன்றவர்களுக்குத் திறந்துவிடுங்கள், ஒரு மிஸ்ஸி (தாதி) எட்டிப் பார்த்தால் போதும், பெரியவர்கள் இருக்கிற கதிரை இருந்தால் இன்னும் நல்லது.

இந்த மாதம் எங்கள் கிளினிக் மூன்றாவது வியாழக்கிழமை. காலை ஆறரைக்கு வாங்கில் இருப்போம். உங்களில் யாராவது ஒருவர் அன்றைக்கு வந்து எங்களோடு ஒரு மணித்தியாலம் அந்த வாங்கில் இருந்து பாருங்கள். தமிழ் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. மகனைக் கூட்டிவர மாட்டேன், எங்கள் குழுவில் இரண்டு மொழியும் சரளமாகத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவர் கதைத்துத் தருவார்.